இடது பக்கம்

கழுவியாகிவிட்டது.
சவர்க்கார நுரை வழிந்து
இரண்டாவது பேஸ்மெண்ட்டின் சாக்கடைக் கம்பிக்குள் இறங்கிப் போனது.
ஜாலான் ஈப்போ பேரங்காடிக்கு அடியில்
டியூப்லைட்டில் பார்த்தால்
சூசைநாதனின் சாம்பல் நிற சாகா சுத்தம்.
கண்ணுக்கு.

கைக்கு வேறு கணக்கு.
மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விரல்களை விட்டு
பானட்டின் மேல் நடத்துகிறேன்.
பைக்குள் போனதும் விரலுக்குக் காது முளைத்துவிடும்.
கர, கர என்கிறது
பளபளக்கிற பெயிண்ட்.

"வீட்ல போர்ச்சு, வேலைல பேஸ்மெண்ட்டு,
வெயிலே பாக்காத காடிம்மா.
விக்கப் போறேன், நல்லா காட்டணும்."
ஷா ஆலமில் ஆபீஸ், இருபத்திரண்டு வருஷம்.
நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்.
இன்றைக்கு ரயிலில் போய்க்கொள்கிறாராம்.
மாலை ஆறுக்கு வருகிறாராம்.

களிமண் என்றுதான் பேர்.
நீல நிறம், சோப்புக் கட்டியில் பாதி.
வெந்நீரில் நனைத்துப் பிசைந்து
வடைக்குத் தட்டுகிற மாதிரி தட்டி,
வழுக்கலுக்குத் தண்ணீர் தெளித்து
நேர்கோட்டில் தள்ள வேண்டும்.
அழுத்தக் கூடாது.
அழுத்தினால் எடுக்காது, கீறும்.
முதல் வாரம் நான் அழுத்தினேன்;
ஒரு டாக்டரின் கறுப்புக் கார்,
அந்த மாதம் முழுக்க மெகி மீ.

வலது பக்கம் பத்து நிமிஷம்.
மண்ணில் ஒட்டியது கொஞ்சம் மரப்பிசின், அவ்வளவுதான்.
வைப்பருக்குக் கீழே இரண்டு காய்ந்த அங்சானாப் பூ.
போர்ச்சில் ஏது அங்சானா?

இடது பக்கம் விடவில்லை.
முதல் தள்ளலிலேயே மண் இழுத்துப் பிடித்தது.
புரட்டிப் பார்த்தேன்:
ஊசிமுனை ஊசிமுனையாய்த் துரு.
ரயில் பிரேக் பிடிக்கும்போது உதிர்கிற இரும்பு,
சூட்டோடு பறந்து வந்து பெயிண்டில் குத்தி
மழையில் சிவந்து
அங்கேயே குடியேறிவிடும்.
ஒரு நாளில் இவ்வளவு வராது.
ஒரு மாதத்திலும் வராது.
ஒரே மரம், ஒரே திசை,
தண்டவாளத்துக்கு இடது தோளைக் காட்டி
தினமும் நின்றிருக்கிறது வண்டி.

எனக்கு அந்த இடம் தெரியும்.
செந்தூலில் மதிலை ஒட்டிய சந்து,
சம்மன் போட யாரும் வராத இடம்.
மோட்டாரில் போகும்போது பார்த்திருக்கிறேன்.
சன்னலை நாலு விரல் இறக்கி, சீட்டைச் சாய்த்து,
சட்டை கசங்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.
ஒருத்தர் இல்லை, நாலைந்து பேர்.
ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை.
சாப்பாட்டு டப்பாவைச் சரியாக ஒரு மணிக்குத் திறப்பார்கள்.

மண்ணை மடித்தேன்.
அழுக்கை உள்ளே வைத்துப் பிசைந்து
புது முகம் திருப்பினேன்.
மறுபடி சிவப்பு. மறுபடி மடிப்பு.
பின்கதவு வருவதற்குள்
கட்டிக்கு வெளுத்த முகம் ஒன்றும் மிச்சமில்லை.
அப்போது பார்த்துக் கை நழுவித் தரையில் விழுந்தது.
விழுந்த மண்ணைத் திரும்ப எடுக்கக் கூடாது,
ஒரு மணல் போதும் கதவு முழுக்கக் கோடு போட.
புதுசைப் பிரித்தேன்.
பில்லில் எழுதவில்லை.

ஆறடித்து ஐந்து நிமிஷம்.
டக் இன் செய்த சட்டை, கழுத்தில் ஆபீஸ் அட்டை,
படம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது.
பிளாஸ்டிக் பையை நீட்டினேன்.
விரல்களை விட்டு
இடது கதவில் வைத்து
மேலும் கீழும் தடவினார்.
"ஒண்ணுமே இல்லியே" என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
"ஒண்ணுமே இல்லம்மா."

மெழுகு மூன்று மாதம் தாங்கும் என்றேன்.
அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.
"ஒரே பக்கமா வேணாம் சார்,
காடியத் திருப்பி நிறுத்துங்க."

நோட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தவர்
முதலிலிருந்து மறுபடி எண்ணினார்.
என் கையில் வைத்துவிட்டு
சாவியை வாங்கிக்கொண்டு
கதவைத் திறக்கும்போது சொன்னார்:

"திருப்பி நிறுத்துனா
நாலு மணி வெயிலு
நேரா மொகத்துல அடிக்கும்மா."