வெட்டுக்கிளிக் கணக்கு

டிசம்பர் முப்பதில் புயல்.
மறுநாள் இரவு ஆராதனைக்கு மின்சாரம் இல்லை.
டார்ச் வெளிச்சத்தில் தட்டை நீட்டினார் உபதேசியார் ஞானாபரணம்;
கண்ணை மூடி எடுத்தேன் ஒரு வாக்குத்தத்த அட்டை.
வெட்டுக்கிளி தின்ற வருஷங்களைத்
திருப்பித் தருவீராம்.

ஆண்டவரே,
நடுவீரப்பட்டுக்கு வந்தது வெட்டுக்கிளி இல்லை, காற்று.
நாற்பத்தொரு முந்திரி,
வரப்போரம் மூன்று பலா.
வேர் மேலே, கிளை கீழே.
கணக்கெடுக்க வந்த வி.ஏ.ஓ.
மரத்தை எண்ணவில்லை, சென்ட்டை எண்ணினார்.
நீர் மட்டும் வருஷத்தை எண்ணுகிறீர்.

வருஷம் என்றால் எது?
பூப்பிடிக்கும் தை மாதப் பனியில்
மருந்து டேங்க் சுமந்துபோன தயாபரனின் இருமலா?
ஜெபசிங் சைக்கிள் பழகி விழுந்த நிழலா?
உப்புத் தொட்டுத் தின்ற பழம்
தொண்டையில் கரகரத்த ஞாயிற்றுக்கிழமைகளா?

அறுத்த கட்டையை லாரியில் ஏற்றிய அன்று
ஆட்களோடு ஆளாய் நின்று கூலி வாங்கிவந்தார்,
சொந்த மரத்துக்கு முந்நூறு ரூபாய்.
மேசைமேல் வைத்தவர்
அப்புறம் தோப்புப் பக்கமே போகவில்லை.
ஆடி பிறக்குமுன் அவரும் சாய்ந்தார்.
மாரடைப்பு என்றார்கள் கடலூர் பெரியாஸ்பத்திரியில்.
என்னைக் கேட்டிருந்தால்
காற்று என்று எழுதச் சொல்லியிருப்பேன்.

அட்டையைக் கிழிக்கத்தான் எடுத்தேன்.
பிறகு ரேஷன் கார்டு உறைக்குள் செருகினேன்,
கடன் பத்திரம்போல.
யார் யாருக்குக் கடன்
என்பது மட்டும் தெளியவில்லை.

பண்ருட்டியில் கொட்டை உடைக்கப் போனேன்.
ஓட்டெண்ணெய் பட்டு உள்ளங்கை கருத்து
உரிந்தது; அடியில் சிவப்பாய் வேறொரு தோல்.
அதுவும் கருத்தது.
அதற்கும் அடியில் இன்னொன்று வைத்திருந்தீர்.
அதை நான் கேட்கவே இல்லை.

ஏழு வருஷம் கழித்து ஒட்டுக்கன்று நட்டேன்.
அவருக்குப் பிடித்திருக்காது;
குட்டை மரம், நின்றபடியே பறிக்கலாம்,
சைக்கிள் விடும் அளவு நிழல் கிடையாது.
செடி என்பார், மரம் என்னமாட்டார்.

இந்தப் பங்குனியில் முதல் மூட்டை.
மண்டியில் தராசுக்காரப் பையன்
பெயர் கேட்டான்.
என் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
சீட்டில் எழுதிக் கொடுத்தான்:
தயாபரன், எழுபத்தெட்டு கிலோ.

பஸ்ஸில் வரும்போது நாலு முறை படித்தேன்.
அட்டையோடு அதையும் செருகியிருக்கிறேன்.
உறை கொஞ்சம் புடைத்திருக்கிறது.