ஆறாயிரத்து இருநூறில்

ஆறாயிரம் வரை ஒழுங்காகத்தான் போகிறது.
ஆறாயிரத்து இருநூறில்
யாரோ வாயைப் பொத்தியதுபோல்
நின்றுவிடுகிறது.
அரை விநாடி. பிறகு மறுபடி உயிர்.
அந்த அரை விநாடியில்தான்
போன மாதம் யோகராஜா
செம்மண் வளைவைத் தவறவிட்டு
செம்பனை மட்டைக் குவியலில் போய் ஏறினான்.

"அக்கா, உங்க ஒயரிங்தான்" என்றான்.
"உன் கால்தான்" என்றேன்.
இரண்டு நாள் பேசவில்லை.

பாகாவ் பின்சந்தில் என் கடை.
பகலில் லோரிகளுக்கு விளக்கு, ஏர்கோன்,
ஆலை டிராக்டருக்கு டைனமோ.
இரவில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
இந்தப் பழைய சத்ரியா.
ஞாயிறு பந்தயம். இன்று வியாழன்.

பிளக் நான்கையும் கழற்றினேன்.
மூன்று, தேநீர் நிறம்.
ஒன்று கொஞ்சம் கறுப்பு.
அந்தக் கறுப்பைப் பெரிதாக எடுத்துக்கொண்டேன், தப்பு.
காயிலை மாற்றினோம். முந்நூற்று எண்பது வெள்ளி.
கோக் வாய் கடனுக்குத் தந்தான்.
தந்துவிட்டு, "காயில் இல்லை லா" என்று
சிரிக்கவும் செய்தான்.

விளக்கை அணைத்துவிட்டு
பூச்செடிக்குத் தெளிக்கும் குப்பியால்
பிளக் கேபிள்கள்மேல் நீர் தூவினேன்.
கசிவு இருந்தால் நீலமாய் நெளியும்.
இருட்டு மட்டும்தான் இருந்தது.
பேட்டரி பதினான்கு. எர்த் சுத்தம்.
மீட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது,
கேட்காததைச் சொல்லவும் தெரியாது.

பதினோரு மணிக்கு ஹைருல்
ரொட்டி சானாய்ப் பொட்டலத்தோடு வந்தான்.
பக்கத்து இருக்கையில் பாதைக்குறிப்பு வாசிப்பவன்.
அன்றைக்கு அவன் கைப்பேசி ஓடிக்கொண்டிருந்ததாம்.
"நான் அலறுறதுதான் இருக்கும், பார்க்காதீங்க."
சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன்,
முள்ளை மட்டும்.

பெட்ரோல் பற்றாவிட்டால்
முள் சோர்ந்து இறங்கும்.
இது இறங்கவில்லை,
விழுந்தது.
சக்கரங்கள் இஞ்சினை இழுத்துச் சுழற்றிக்கொண்டிருக்க
முள் சுழியத்தில் கிடந்தது.
ஓடும் இஞ்சினை நின்றுவிட்டதென்று
யாரோ கணினிக்குத் தகவல் சொல்லியிருக்கிறார்கள்.
எட்டு முறை பார்த்தேன்.
ரொட்டி ஆறிப்போனது.

சுழற்சியை எண்ணும் சென்சாரிலிருந்து
மெல்லிய ஒயர், சுண்டுவிரல் கனமில்லாத கட்டு.
இஞ்சினை ஓடவிட்டு
சாண் சாணாக ஆட்டிக்கொண்டே போனேன்.
இங்கே இல்லை.
இங்கே இல்லை.
தடுப்புத் தகட்டின் ரப்பர் வளையத்துக்குப் பின்னால்
விரல் பட்டதும்
செத்தது.
எதிர்ச்சந்தில் நாய் குரைப்பது அப்போதுதான் கேட்டது.

டேப்பைப் பிரித்தால் பல் தடம்.
பச்சைத் தோல் உரிந்து
பதினாறு கம்பியிழையில்
இரண்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன.
கீழே செம்பனை நார், இருக்கைப் பஞ்சு,
யோகராஜாவின் கையுறையிலிருந்து ஒரு விரல்.
எலி குடித்தனமே நடத்தியிருக்கிறது.

வண்டி நிற்பது அவன் வீட்டுப் பின்புறம்,
தோட்டம் முடிகிற இடம்.
எலிக்கென்று நிர்வாகம் அங்கே
கம்பம் நட்டு ஆந்தைப் பெட்டி வைத்திருந்தது.
ராத்திரியெல்லாம் கத்துகிறது,
வீட்டுக்கு ஆகாது என்று
தீபாவளிக்கு முன் அதைக் கழற்றிப் போட்டது யாரென்று
நான் கேட்கவில்லை.
அவன் சிலிப்பரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஈயம் வைத்துப் பற்றினேன்.
சூட்டில் சுருங்கும் குழாயை மாட்டினேன்.
வேறு வழியாக ஒயரைக் கொண்டுபோனேன்,
எலிக்குத் தெரியாத வழி என்று ஒன்று இருந்தால்.
ஆறாயிரம்.
இருநூறு.
ஏழாயிரத்தில் மாடிவீட்டு ஜன்னல் திறந்து
யாரோ ஹொக்கியனில் திட்டினார்கள்.
கேட்க நன்றாக இருந்தது.

பழைய காயிலையே திருப்பி மாட்டினேன்.
புதியதை கோக் வாய் திரும்ப வாங்கமாட்டான்,
அது என் அலமாரியில் இருக்கட்டும்.

விடியும் நேரம்.
"அக்கா, டிரில் இருக்கா? ஏணியும் வேணும்."
எதற்கென்று இதையும் கேட்கவில்லை.
பந்தய வண்டியின் கூரையில்
ஏணியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு
நாற்பதில் போனான்,
வளைவுக்கு வளைவு சிக்னல் போட்டபடி.