குறிப்பேட்டில் எழுதாதவை

சஸ்காச்சவன் சமவெளியில் ஒரே ஒரு கடைத்தெரு.
கடைகள் முப்பத்தொன்று, சந்தா கட்டியவை இருபத்தாறு.
நான் சலவைக்கடைக்காரன்.
என் கையெழுத்து பிறருக்கும் புரிகிறது என்பதால்
வணிகர் சங்கத்தின் செயலாளன்.

இரவு இரண்டு மணிக்கு நகராட்சி வண்டி வரும்.
நடுச்சாலைப் பனியை வழித்து
எங்கள் வாசல்களுக்கு எதிரே குவித்துவிட்டுப் போகும்.
விடிந்தால் இடுப்பளவுச் சுவர்.
அந்தப் பக்கம் காரை நிறுத்தியவர்
இந்தப் பக்கத்து ரொட்டியைப்
பார்த்துக்கொள்ளலாம்.

ஒரிஸ்யா ஹ்னாட்யுக்கின் இரும்புக்கடைப் பின்னறையில்
பெயிண்ட் டப்பாக்கள்மேல் உட்கார்ந்து கூட்டம்.
வரியைக் குறைக்கச் சொல்வோம் என்றார் லாய்ட்.
விளக்குக் கம்பம் வேண்டும், கழிப்பறை வேண்டும்,
மேயர் ராஜினாமா செய்ய வேண்டும்.
ஒரிஸ்யா மட்டும்,
"சுவரில் வழி விடச் சொல்வோம். தெருத்துண்டுக்கு இரண்டு."
"கை நீட்டவா சங்கம் வைத்தோம்?"
"கை நீட்ட வேண்டாம் லாய்ட்,
கை காட்டுவோம். இடம் இதுதான் என்று."

மறுநாள் குளிர் மைனஸ் முப்பத்தொன்று.
கண்ணாடிக்குப் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு அவள்.
வந்து, நின்று, திரும்பிப் போனவர்கள் நாற்பத்தேழு.
ஏறிக் கடந்தவர்கள் ஒன்பது.
ஒன்பதில் ஒருவர் திரும்பும்போது விழுந்தார்,
ஒரு டஜன் முட்டையோடு.
அவரைக் கழித்துவிடலாமா என்று கேட்டேன்.
"காசு கொடுத்துத்தானே வாங்கினார்" என்றாள்.

மன்றத்தில் எங்களுக்கு ஐந்து நிமிடம்.
பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மேசைமேல் ஒரு விளக்கு.
நான்கு நிமிடம் ஐம்பது நொடிக்கு
ஒத்திகை பார்த்த கடிதத்தை
ரொட்டிக்கடை ஹாங் மடித்துப் பைக்குள் வைத்தாள்.
ஒரு பெட்டியைத் திறந்து முன்னால் தள்ளினாள்.
"நேற்று மீந்தவை. அறுபத்திரண்டு."
பச்சை விளக்கு பாக்கி நேரமெல்லாம்
யாருக்காகவோ எரிந்துகொண்டிருந்தது.
உறுப்பினர்கள் அன்பளிப்பு வாங்கக் கூடாதாம்.
எழுத்தர் யோசித்து, பெட்டியை
'இணைப்பு ஆ' என்று பதிந்துகொண்டார்.

சாலைக் கண்காணிப்பாளர் டார்சி
தினமும் அவள் கடையில்தான் காபி குடிப்பவர்.
முகத்தைப் பார்க்காமல் கணக்குச் சொன்னார்:
வண்டி ஒன்று, ஓட்டுநர் இரண்டு,
வழி ஒன்றுக்கு இருபது நிமிடம்.

நான்குக்கு மூன்று.
தெருத்துண்டுக்கு இரண்டல்ல, ஒன்று.

எங்கள் துண்டின் வழி திறந்த இடம்
கோர்டியின் தூண்டில்கடைக்கு நேர் எதிரே.
சந்தா கட்டாத ஐந்தில் ஒருவர்;
சங்கமா, அது காபி குடிக்கிற கும்பல் என்பவர்.
லாய்ட் கொதித்துப்போய்
மண்வாரியைத் தேடினார், வழியை மூடிவிட.
"பனி ரசீது கேட்பதில்லை" என்ற ஒரிஸ்யா
நேரே கோர்டியின் கடைக்குள் போனாள்.
ஏரி உறைந்த ஜனவரியில்
கோடைத் தூண்டில்முள் ஆறு வாங்கிக்கொண்டு
உறுப்பினர் படிவத்தைக் கல்லாவில் விட்டு வந்தாள்.
புழு டப்பாவுக்கு அடியில்
ஈரம் உறிஞ்சியபடி
இப்போதும் இருக்கிறது அது.

செவ்வாய்க்கிழமை பதினொரு ரொட்டி கூடுதலாக விற்றதென்று
ஹாங் வந்து சொன்னாள்.
பதினொன்று என்று குறிப்பேட்டில் எழுதினேன்.
முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர்,
கூட்டம் முடிந்தது எட்டு ஐம்பதுக்கு.

கடையைக் காலி செய்வதாக
கட்டட உரிமையாளருக்கு அவள் கடிதம் கொடுத்தது
மன்றத்தில் பெட்டியைத் திறந்ததற்கு
நான்கு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை.
அந்தக் கடிதத்தையும்
கையெழுத்து நன்றாக இருக்குமென்று
என்னைத்தான் எழுதச் சொன்னாள்.