மூன்றாம் வாரம், முதுகு

பலகையில் மசாஜ் என்ற சொல் வரக்கூடாது
என்று சொல்லித்தான் மாடியை வாடகைக்குக் கொடுத்தார்
டயர் கடைக்காரர்.
அதனால் சூரமங்கலம் மெயின் ரோட்டில்
என் பள்ளிக்குப் பெயர்
'தசை நலப் பயிற்சி நிலையம்'.
கூரியர் பையன் என்னைத்
தசையக்கா என்கிறான்.

மாலை ஆறு மணிக்கு வருகிறார்கள்.
அம்மாப்பேட்டையில் பதினெட்டு வருடம்
விசைத்தறி ஓட்டிய சித்தேஸ்வரன்.
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பற்றவைத்த ஷம்ஷாத்;
ஆசிட்டில் ரேகை போன விரலை
ரேஷன் கடை மெஷினில் வைத்தால்
அது அவள்தான் என்று மெஷின் ஒப்புவதில்லை.
காப்பித் தோட்டத்தை விட்டுவிட்டு
ஏற்காட்டு விடுதியொன்றில் வேலை கேட்டிருக்கும் லூர்துமேரி,
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து
பையில் எலுமிச்சை முகர்ந்துகொண்டே உட்காருவாள்.
பிறகு பாவாயி. வயது நாற்பத்தொன்பது.
ஏன் சேர்ந்தாள் என்று சொல்லவில்லை.
விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தில்
ஒரு கோடு இழுத்திருந்தாள்.

முதல் வாரம் எலும்பு.
இரண்டாம் வாரம் எண்ணெய்:
உள்ளங்கையில் சூடாக்கு,
நேராக ஊற்றாதே, அது தோசைக்கல் இல்லை.
நகம் வெட்டாதவருக்கு
நகவெட்டியை நானே நீட்டினேன்.

மூன்றாம் வாரம் முதுகு.
யாராவது ஒருவர் படுங்கள் என்றேன்.

மேசை காலியாகவே கிடந்தது.
அழுத்துவதற்கு எல்லோரும் வந்திருந்தார்கள்.
லூர்துமேரி மணி பார்த்தாள்.
பாவாயி மடித்த துணியைப்
பிரித்து மறுபடி மடித்தாள்.
"நமக்கெல்லாம் வலி கிலி ஒண்ணுமில்லீங்க மேடம்"
என்றார் சித்தேஸ்வரன்,
கழுத்தைத் திருப்ப முடியாமல்
மொத்த உடம்பையும் என் பக்கம் திருப்பி.

அவரையே படுக்க வைத்தேன்.

"ஆம்பள முதுகுங்களா" என்றாள் பாவாயி.
முதுகு, என்றேன்.
துணியை இடுப்பு வரை இழுத்து,
ஓரங்களைச் செருகிக் காட்டினேன்.
தொடாத இடம் எது என்று முதலில் சொல்.
அவர் மூச்சு வெளியே போகும்போது
உன் கை உள்ளே போகட்டும்.
தண்டுவடத்தின் மேல் ஏறாதே,
வாய்க்கால் வரப்பு மாதிரி இரண்டு பக்கமும் போ.

ரேகையில்லாத கட்டைவிரல்கள்
தோள்பட்டையின் கீழே நின்றுவிட்டன.
"கொலுசு முத்தாட்டம் ஒண்ணு உருளுது மேடம்."
உருளட்டும், துரத்தாதே,
அதன் மேல் சும்மா இரு.

அவள் சும்மா இருந்தாள்.
அறையில் சைக்கிள் டியூபும் நல்லெண்ணெயும்
கலந்த வாடை.
பிறகு ஒரு குறட்டை.
சின்னதாக, வெட்கப்பட்டு. அடுத்தது
வெட்கமில்லாமல்.

இருபது நிமிடத்தில் ஆளை மாற்ற வேண்டும்,
பாடத்திட்டம் நான் எழுதியதுதான்.
எழுப்புங்கள் என்று சொல்ல வாய் திறந்தேன்.
பாவாயி எழுந்துபோய்
மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்தாள்.
இன்னொரு துணி எடுத்துப்
பாதத்தை மூடினாள், வெடிப்பு தெரியாமல்.

நாங்கள் நான்கு பெண்கள்
ஓர் ஆள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
யாரும் எதுவும் கற்றதாகத் தெரியவில்லை.
ஏற்காட்டுக் கடைசி பஸ்
பழைய பஸ் ஸ்டாண்டை விட்டுப் போயிருக்கும்.
"நம்மூட்ல தங்கிக்க" என்றாள் ஷம்ஷாத்
உதடு மட்டும் அசைய.

ஆணியில் தொங்கிய அவர் சட்டை
அதிரத் தொடங்கியது.
திரையில் 'வீடு'.
நான்தான் எடுத்தேன்.
வகுப்பில் இருக்கிறார் என்றேன்.
"இந்நேரத்துக்கா? படிக்கிறாரா?"
குரலில் நம்பிக்கை இல்லை.
நன்றாகப் படிக்கிறார்.

கீழே டயர் கடை ஷட்டர் இறங்கித்
தரை நடுங்கியது.
அவர் அசையவில்லை.
மேசைக்கு அந்தப் பக்கம் பாவாயி
ஒவ்வொன்றாக வளையலைக் கழற்றி
ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டிருந்தாள்,
அழுத்தவா
படுக்கவா
என்று நான் கேட்கவில்லை.