எழுத்தின் மேல் ஒரு கூரை

இரவுப் பணி முடிய இன்னும் மூன்று மணி நேரம்.
மிசூசு ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறை.
கரண்ட் போய்விட்டது,
மடிக்கணினியில் நாற்பத்தொரு சதவீதம் உயிர்.
இந்த வாரம் என் பங்குக்கு வந்திருப்பவள்
தியெஸ்கே நியிரோங்கோ,
படகு எஞ்சின் மெக்கானிக்.
பிறப்பு: ஏறக்குறைய 1934.

ஆங்கிலத்தில் பதினோரு வரி.
அதில் நாலு வரி புருஷனுக்கு.
முதல் வரியின் கதவை அவன்தான் திறக்கிறான்.
பின்னால் ஸ்பானரோடு அவள் வருகிறாள்,
பழுது பார்ப்பதில் அவனுக்கு
'உதவினாள்'.

இந்த வேலைக்குச் சம்பளம் இல்லை.
கரோங்காவில் பூபே, மாவு மில்லுக்கு மேல்மாடியில்.
பமாகோவில் ஒரு தையற்காரி, பம்பாராவில்.
ஓஸ்லோவில் ஒருத்தி, டிக்ரின்யாவில்,
குழந்தை தூங்கிய பிறகு.
யாரும் யாரையும் பார்த்ததில்லை.
ஒரு நீதிபதியை, ஒரு விமானியை,
தவளைகளை ஆராய்ந்த ஒருத்தியை
மாடிப்படியில் அலமாரி இறக்குகிறவர்கள் போல்
இறக்கிக்கொண்டிருக்கிறோம்:
உன் பக்கம் தூக்கு,
என் பக்கம் சுவரில் இடிக்கிறது.

தும்புகாவில் எழுதும்போது
டபிள்யூவின் தலையில் ஒரு சின்னக் கூரை வரும்.
கூரை இல்லையென்றால் வந்தாள், போனாள்,
பிள்ளையை அதட்டுகிற தொனி.
இருந்தால்
ஒரே ஆள் பலபேராக வந்து நிற்பது மாதிரி.
இந்த விசைப்பலகையில் அது இல்லை.
இதைச் செய்த தொழிற்சாலைக்காரர்களுக்குத்
தியெஸ்கேயைத் தெரிந்திருக்க நியாயமில்லை.

பூபேவிடம் கேட்டேன்.
இரண்டே நிமிஷத்தில் பதில்,
நலமா என்றுகூட இல்லை, வெறும் ஒற்றை எழுத்து.
நகலெடுத்து ஒட்டினேன்.
வந்தார்.
மூடியைக் கழற்றினார்.
கார்புரேட்டரைப் பெட்ரோலில் கழுவினார்.
அறுபத்து மூன்று இடம், அறுபத்து மூன்று முறை.
விரல் வலித்தது.
'உதவினார்' மட்டும்
கூரை போட்ட பிறகும் குனிந்தே நின்றது.

ஏறக்குறைய யாரும் பிறப்பதில்லை எங்கள் பக்கம்.
பாலம் அடித்துக்கொண்டு போன வருஷம் பிறப்பார்கள்,
வெட்டுக்கிளி சோளத்தைத் தின்ற வருஷம்.
எவனோ ஒரு குமாஸ்தா
அதை எண்ணாக்கி மடித்து வைத்திருந்தான்.
நான் வெட்டுக்கிளிகளைத் திரும்பக் கூப்பிட்டேன்.
எண்ணை அடைப்புக்குறிக்குள் விட்டுவைத்தேன்,
ஒரு பயத்துக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக்குப் பஸ் பிடித்தேன்.
உசிப்பா மீன் காய்கிற மேடைகளுக்கு நடுவே
ஈ ஓட்டிக்கொண்டே வாசித்தேன்.
வலை பின்னிக்கொண்டிருந்த மசோசி
உதவினார் வந்ததும் கையை நிறுத்தினார்.
'எந்த உதவி?
அந்த மனுஷர் டீசல் வாங்கிவருவார்.
நல்ல மனுஷர்.
ஸ்பார்க் பிளக் எந்தப் பக்கம் இருக்கும் என்று
கடைசிவரை அவருக்குத் தெரியாது.'

ஆதாரம் தேவை என்றேன்.
சொன்னதும் எனக்கே கூசியது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை,
தண்ணீர்ப் பக்கம் தாடையை நீட்டினார்.
ஒரு நீலப் படகு கரையை விட்டுக் கிளம்பியது.
ஓடுகிற எஞ்சினுக்கு
எந்த இடத்தில் அடிக்குறிப்பு எண் போடுவது?

'பழுது பார்த்தார்' என்று மாற்றிவிட்டேன்.
யாராவது திரும்ப மாற்றலாம்.
தினமும் போய்ப் பார்க்கிறேன்,
அடுப்பை அணைத்தோமா என்று
பாதி வழியில் திரும்புகிறவளைப் போல.

வியாழன் இரவு ஒரு செய்தி.
எல்லைக்கு அப்பால் துக்குயுவிலிருந்து, துசஜிக்வே.
நியாக்யூசாவில் எழுதத் தொடங்கியிருக்கிறாளாம்.
மூலம் என்ற இடத்தில்
ஆங்கிலம் இல்லை, தும்புகா என்று இருந்தது.
அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வெளியே யாருக்கோ ஸ்ட்ரெச்சர் உருண்டது.

கீழே ஒரு கேள்வி:
'அக்கா, சில எழுத்துகளின் மேல் ஏதோ முளைத்திருக்கிறது.
அச்சுப்பிழையா? எடுத்துவிடட்டுமா?'

நாலு சதவீதம்தான் மிச்சம்.
வேண்டாம் என்று அடித்தேன்.
உள்ளே
அவர் இருக்கிறார்.