காலி எடை

உமையணன்தான் கேட்டது,
இரவு இரண்டரைக்கு, காலி லாரியை மேடையில் நிறுத்திவிட்டு:
“செய்யதம்மா, ஊரு உப்பையெல்லாம் எடை போடுறீகளே,
அது எத்தன டன்னு?”
வாலிநோக்கத்துக்கு மேலே, உப்புக் குவியல்களுக்கு மேலே
பௌர்ணமி, தார்ப்பாய் கட்டாமல்.

அதை மேடையில் ஏற்ற முடியாது என்றேன்.
வேண்டுமானால் இழுவையைச் சொல்லலாம்,
யார் அதை எவ்வளவு இழுக்கிறார்கள் என்று.
“சொல்லுங்க பாப்பம்” என்றவன்
ஸ்டியரிங்கில் தலைவைத்துத் தூங்கிவிட்டான்.
பாத்தியில் ஏற்றுகிற ஆட்கள் விடிந்துதான் வருவார்கள்.

ரத்தான ரசீதின் பின்பக்கம்.
கீழக்கரையில் மூன்று வருடம் படித்தது
விரலில் இன்னும் இருக்கிறது:
இரண்டு நிறைகளைப் பெருக்கு,
தூரத்தைத் தூரத்தாலேயே பெருக்கி அதால் வகு,
பிறகு அந்த மாறிலி,
எண்களிலேயே கஞ்சம்,
புள்ளிக்குப் பின் பத்துப் பூஜ்யம் தாண்டித்தான் வாய் திறக்கும்.

ஆபீஸ் கால்குலேட்டருக்கு எட்டு இலக்கம்தான்.
பூமியைப் போட்டதும் ஓரத்தில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது.
தட்டினேன். போகவில்லை.
முன்னெண்களை அதற்கும்
பத்தின் அடுக்குகளை விரல்களுக்குமாகப் பிரித்துக் கொடுத்தேன்.
இருபத்து நாலும் இருபத்திரண்டும் கூட்டு,
பதினொன்று கழி, பதினாறு கழி.
பத்தொன்பது.
நிலாவைப் பூமி இழுப்பது
பத்தொன்பது புள்ளி எட்டு,
அதன் பின்னால் பத்தின் பத்தொன்பது அடுக்கு.

அத்தோடு சும்மா இருந்திருக்கலாம்.
வேறு லாரி வரவில்லை.
சூரியனையும் போட்டுப் பார்த்தேன்.
அடுக்கு அதே பத்தொன்பது.
முன்னால் நாற்பத்து மூன்று புள்ளி ஆறு.

அடித்துவிட்டுத் திரும்பப் போட்டேன்.
தூரத்தின் வர்க்கத்தை விட்டுவிட்டேனா? விடவில்லை.
நாம் இழுப்பதைப் போல இரண்டு பங்குக்கு மேல்
அவன் இழுக்கிறான் அதை,
அதுவும் பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து.
பிறகு எதற்கு அது இங்கே நிற்கிறது,
இந்த உப்பளத்தின் மேல்,
போக்கிடம் இல்லாத மாதிரி?

தண்ணீர் குடித்தேன். வெளியே வந்து
உமையணனின் சக்கரங்கள் கோட்டுக்குள் இருக்கின்றனவா என்று பார்த்தேன்.
பழக்கம். போன ஆடியில் இவன்
காலி எடைக்கு டீ குடிக்க இறங்கிக்கொண்டு
பார எடைக்கு ஏறி உட்கார்ந்தவன்.
எழுபத்திரண்டு கிலோ, இல்லாத உப்பு.
அன்றைக்குச் சொன்னேன்:
“ரெண்டு தடவையும் உள்ளே இரு,
இல்ல ரெண்டு தடவையும் வெளியே நில்லு.
எதுன்னாலும் எனக்கு ஒண்ணுதான்,
கழிச்சா நீ காணாமப் போயிருவ.”

சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றபடியே சிரித்துவிட்டேன்.
சூரியன் நிலாவை மட்டுமா இழுக்கிறான்?
பூமியையும்தான், கிலோவுக்குக் கிலோ ஏறக்குறைய அதே அளவு.
நாமும் உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறோம்:
மேடை, நான், உமையணன், அவன் குறட்டை, மன்னார் வளைகுடா,
எல்லாம் நிலாவோடு ஒரே வண்டியில்,
அவனைச் சுற்றி விழுந்துகொண்டு.
இரண்டு பக்கமும் இருப்பதைக் கழி.
நாற்பத்து மூன்று புள்ளி ஆறு போய்விடும், கிட்டத்தட்ட முழுசாக.
மிச்சத்துக்குத்தான் ரசீது.

அந்த மிச்சத்தை, நிலாவை விட்டுவிட்டு,
கடல்நீருக்குப் போட ஆரம்பித்தபோது விடிந்துவிட்டது.
மேற்கே அது, கிழக்கே அவன்,
நடுவில் அறுபது டன் மேடை.
வாய்க்கால் மதகில், இரவு ஏறி இறங்கிய கடல்
போன வார ஈரத்துக்கு ஒரு சாண் மேலே
கோடு போட்டு வைத்திருந்தது.
நான் இன்னும் வர்க்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

உமையணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு
கதவைத் திறக்கப் போனான்.
இறங்காதே என்று கையைக் காட்டினேன்.
புதிய ரசீதில், முன்பக்கத்தில், எழுதினேன்:
காலி, பதினோராயிரத்து முந்நூற்று நாற்பது கிலோ.
ஓட்டுநர் உள்ளே.