வினா நான்கு, பகுதி ஆ

மருதானையில் மழை.
அரைமணித்தியாலம்தான் பெய்தது. அதற்குள்
கான் எது, ரோட்டு எது என்று
தண்ணீருக்கே மறந்துவிட்டது.
மஹ்ரூப் நானாவின் கடைக்குள் ஒதுங்கினேன்.

பிளேன்டீ மட்டும்தான் கேட்டேன்.
தட்டு தானாக வந்தது:
கட்லட் மூன்று, ரோல்ஸ் நான்கு,
பெட்டிஸ் இரண்டு, ஒரேயொரு மாலு பணிஸ்.
தின்றதற்குத்தான் காசு.
தின்னாதது அடுத்த மேசைக்கு மாறும்.
காலையிலிருந்து எத்தனை மேசை பார்த்ததோ அந்த பணிஸ்,
நேர்முகப் பரீட்சைகளில்
தோற்றுத் தோற்றுப் பழகிய முகம் அதற்கு.

கை துடைக்கக் கம்பியில் குத்திய தாள்கள்.
கிலோக் கணக்கில் வாங்கிய பழைய விடைத்தாளை
நான்காக வெட்டியவை.
எனக்குக் கிடைத்தது ஷிம்லா, தரம் பத்து, வரலாறு.
"நாகரிகம் ஒன்றின் இயல்புகள் ஐந்து தருக."

ஒன்று: பக்கத்தில் ஆறு ஓட வேண்டும்.
வாசலைப் பார்த்தேன். ஓடியது.
பிளாஸ்டிக் கதிரை ஒன்று அதில்
புறக்கோட்டைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது
அவசரமே இல்லாமல்,
அரசனை எங்கோ இறக்கிவிட்டுத்
திரும்பும் சிம்மாசனம்போல.

இரண்டு: எழுத்து இருக்க வேண்டும்.
சுவரில் மூன்று மொழியில் இருந்தது.
சிங்களத்தில் கடன் இல்லை.
ஆங்கிலத்திலும் கடன் இல்லை.
தமிழில் மட்டும் 'கடல் இல்லை'.
மறுபடி வாசலைப் பார்த்தேன்.
அதையும் நம்புவதற்கில்லை.

மூன்று: ஒழுங்கான வடிகால்.
ஷிம்லா, மகளே,
இதை நீ டீச்சருக்கா எழுதுவது?
மாநகரசபைக்கு எழுதியிருக்கலாம்.

நான்கு: சனங்களிடம் வரி வாங்க வேண்டும்.
டீச்சர் இதற்குப் போட்ட சரி
தாளைக் கிழித்து மறுபக்கம் வந்திருந்தது.
சம்பளத் துண்டு கைக்கு வந்த நாளில்
திருத்தியிருப்பார்.

ஐந்து:

அவ்வளவுதான். அதற்குக் கீழே
நானாவின் கத்தரிக்கோல்.

மற்றத் துண்டு எதிர் மேசையில் இருந்தது.
கழுத்துப்பட்டி, காப்புறுதிக் கம்பனி அட்டை,
அட்டையில் விமலதர்ம என்ற பெயர்.
"மாத்தயா, அந்தத் தாள்..." என்று தொடங்கினேன்.
பஸ்ஸில் மிச்சக்காசு கேட்கப் போதுமான என் சிங்களம்
நாகரிகத்தின் ஐந்தாவது இயல்பைக் கேட்கப்
போதவில்லை.
அவர் தலையசைத்து
மிக நாகரிகமாகப் புதுத் தாள் ஒன்று உருவித் தந்தார்.
கணிதம், தரம் ஒன்பது. எல்லாமே பிழை.
பிறகு தன் தாளால்
விரலைத் துடைத்தார், மீசையைத் துடைத்தார்,
கசக்கிச் சாசருக்குள் போட்டு
மழைக்குள் இறங்கிப் போனார்.

எடுத்தேன்.
எதற்கு வெட்கம்? தொல்பொருள்காரர்கள்
இதைவிட மோசமான குப்பையில் கைவிட்டுத்தான்
மன்னர்களைக் கண்டுபிடித்தார்கள்.
விரித்தால் மிளகாய்ச் சோஸ்.
சோஸின் கரையில், குண்டு குண்டாக,
'பொய் சொ'
என்பதுவரைதான் தெரிந்தது.
சொல்லக் கூடாதா, சொல்ல வேண்டுமா,
சோஸ் விடவில்லை.
பக்கத்தில் சிவப்பில்
பெரிய கேள்விக்குறி.

"எத்தனை?"
பரிமாறுகிற தேவதாசன், பொகவந்தலாவைக்காரர்,
தட்டைப் பார்க்காமல் கேட்டார்.
எண்ணிக்கொண்டு வந்தவரும் இல்லை,
எண்ணிக்கொண்டு போகிறவரும் இல்லை.
இரண்டு என்று சொல்லியிருக்கலாம்.
நாக்கு நுனிவரை வந்தும் விட்டது.
"மூன்று" என்றேன்.
ரோல்ஸ் இரண்டு, கட்லட் ஒன்று.

காசு கொடுக்கும்போது நானா கேட்டார்:
"கட்லட் எப்படி, தம்பி?"

திங்கட்கிழமை பொரித்திருப்பார்கள்.
இன்று வியாழன்.
உள்ளே இருந்தது மீனா, மீனைப் பற்றிய செய்தியா
என்றுகூட எனக்குத் தெளிவில்லை.

"அருமை நானா" என்றேன்.
நம்பியதுபோல் சிரித்தார்.
ஐந்து ரூபாய் மிச்சத்துக்குச்
சில்லறை இல்லை என்று டொபி ஒன்று தந்தார்.
மேசை லாச்சிக்குள் சில்லறை கலகலத்தது.
நானும் நம்பியதுபோல் சிரித்தேன்.

மழை விட்டபாடில்லை.
தலையோடு நனைந்த சோடி ஒன்று உள்ளே வந்து
என் மேசையில் அமர்ந்தது.
இரண்டு ரோல்ஸைப் புதிதாக அடுக்கி,
மாலு பணிஸை நல்ல பக்கம் தெரியத் திருப்பி,
தேவதாசன் தட்டைக் கொண்டுபோய் வைத்தார்.